மருந்தும் கணக்கும்

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் பெருவழியில் காரிமங்கலம் என்னும் ஊர் அமைந்துள்ளது. ஊருக்கு அணியாக ஒரு குன்றும், குன்றின்மீது அருணேசுவரர் கோயிலும் விளங்குகின்றன. வாரந்தோறும் கூடும் சந்தைக்குச் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மக்கள் ஆடு மாடுகளோடும் விளைபொருள்களோடும் வந்து குழுமுவர். வறட்சியை அடிக்கடி காணும் பகுதியாதலின், இங்குள்ள உழவர் நீரை எண்ணிச் செலவிடும் பழக்கம் உடையவர். ஏரியில் இவ்வளவு நீர் நிற்கின்றது; மதகின் வழியே நாளொன்றுக்கு இவ்வளவு வெளியேறும்; ஆகவே இத்தனை நாள் பாசனத்திற்குப் போதும் என்று அவர்கள் மனக்கணக்கிடுவர்.

இருபது நாள் நிற்கும் என எண்ணிய நீர் பன்னிரண்டே நாளில் வற்றிவிட்டால், அறிவுடைய உழவர் என் செய்வர்? கணக்கே வீண் என்று அதனைக் கைவிட மாட்டார். நீர் வற்றவில்லை என்று தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளவும் மாட்டார். தொடக்கத்தில் நீரின் ஆழத்தைத் தவறாக மதிப்பிட்டனரா, மதகின் பலகை பழுதுற்றதா, கரையில் எங்கேனும் கசிவு உண்டா, வெயிலின் கடுமையால் நீர் மிகுதியாக ஆவியாயிற்றா என்று ஒவ்வொன்றாக ஆராய்வார். கணக்கிற்கும் கண்ணுக்கும் இடையே தோன்றும் வேறுபாடே, மறைந்திருக்கும் குறையைக் காட்டும் விளக்காக அவருக்குப் பயன்படுகின்றது.

மனித உடலினுள் செல்லும் மருந்துக்கும் இத்தகைய கணக்கு உண்டு. அக்கணக்கை ஆராயும் அறிவியல் துறையை மருந்தியக்கவியல் என்பர். ஏரிக் கணக்குப் பொய்த்தால் ஒரு போகம் வாடும். மருந்துக் கணக்குப் பொய்த்தால் ஓர் உயிரே வாடும்.

உடலில் மருந்தின் வழி

ஒருவர் மாத்திரையை விழுங்குகின்றார். அது இரைப்பையில் கரைந்து, குடலின் வழியே குருதியில் கலக்கின்றது. குருதி அதனை உடலெங்கும் கொண்டு செல்கின்றது. கல்லீரல் அதனைச் சிறிது சிறிதாக வேறு பொருளாக மாற்றுகின்றது. சிறுநீரகம் எஞ்சியதை வடித்து வெளியேற்றுகின்றது. எனவே உடலை ஒரு தொட்டியாகக் கருதலாம். மேலே நீர் வந்து சேரும் குழாய் ஒன்று. அடியில் நீர் வெளியேறும் துளை ஒன்று. தொட்டியில் நீர் உயர்ந்து நிற்கும்போது துளையின் வழியே விரைந்து ஓடும்; நீர் தாழத் தாழ ஓட்டமும் மெலியும். பெரும்பாலான மருந்துகளும் இவ்வாறே வெளியேறுகின்றன. உள்ள அளவு மிகுதியாயின் மிகுதியாகவும், குறைவாயின் குறைவாகவும் அவை நீங்கும்.

ஆதலால் குருதியிலுள்ள மருந்து ஒரு குறிப்பிட்ட காலத்தில் பாதியாகின்றது. மீண்டும் அதே காலத்தில் அப்பாதியும் பாதியாகின்றது. இக்காலத்தை அம்மருந்தின் அரைவாழ்வுக் காலம் என்பர்.

எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்க. 45 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 300 மில்லிகிராம் மருந்தை உண்கின்றார். அது விரைந்து குருதியில் கலந்து, 30 லிட்டர் கொள்ளளவில் பரவுகின்றது எனக் கொள்க. அப்போது லிட்டருக்கு 10 மில்லிகிராம் இருக்கும். அரைவாழ்வுக் காலம் 2 மணி நேரமாயின், இரண்டாம் மணியில் 5 மில்லிகிராமும், நான்காம் மணியில் 2.5 மில்லிகிராமும், ஆறாம் மணியில் 1.25 மில்லிகிராமும் எஞ்சும். இவ்வாறு வகுக்கப்படும் கணக்கே கணித மாதிரி எனப்படும். நோயாளியின் குருதியை எடுத்துச் சோதிப்பதற்கு முன்னரே, இன்ன மணியில் இன்ன அளவு இருக்கும் என்று மாதிரி கூறிவிடுகின்றது.

கணக்கு பொய்க்கும்போது

ஆயினும் உண்மையில் குருதியைச் சோதிக்கும்போது கணக்கிட்ட அளவே கிடைப்பது அரிது. சிறு வேறுபாடுகள் இயல்பானவை. வேறுபாடு பெரிதாகவும், ஒரே திசையில் சாய்ந்தும் இருப்பின், அதற்குக் காரணம் தேட வேண்டும். தேடுவதற்கும் ஒரு முறை உண்டு.

முதற்கண் ஆய்வாளர் தம்முடைய ஏடுகளையே ஐயுற வேண்டும். மில்லிகிராம் என எழுத வேண்டிய இடத்தில் மைக்ரோகிராம் என எழுதினால், ஆயிரம் மடங்கு வேறுபாடு விளையும். ஆறாம் மணியில் எடுத்த குருதியை நான்காம் மணியில் எடுத்ததாகக் குறித்தால், குறையாத மருந்தும் குறைந்ததாகத் தோன்றும். எடுத்த குருதியை வெப்பத்தில் நெடுநேரம் வைத்திருந்தால், சில மருந்துகள் சோதனைக் குழாயிலேயே சிதைந்துவிடும். இவற்றை நீக்கிய பின்னரே நோயாளியின் உடலைப் பற்றி எண்ணுதல் முறை.

அடுத்து, வேறுபாட்டின் வடிவத்தை நோக்க வேண்டும். மேற்கூறிய எடுத்துக்காட்டில் ஒரு நோயாளியின் குருதியில் இரண்டாம் மணியில் 2.5 மில்லிகிராமும், நான்காம் மணியில் 1.25 மில்லிகிராமும், ஆறாம் மணியில் ஏறத்தாழ 0.6 மில்லிகிராமும் காணப்பட்டன எனக் கொள்க. எல்லா மணிகளிலும் அளவு கணக்கில் சரிபாதியாக உள்ளது. மருந்து குறையும் வேகம் கணக்கோடு ஒத்திருக்கின்றது. ஆகவே வெளியேறும் துளையில் குறையில்லை. உள்ளே சென்ற மருந்தே பாதியாக இருக்கலாம். அல்லது அது பரவும் இடம் எண்ணியதைவிட இரு மடங்காக இருக்கலாம்.

வேறொரு நோயாளியிடம் இரண்டாம் மணியில் 4 மில்லிகிராமும், நான்காம் மணியில் 1.6 மில்லிகிராமும், ஆறாம் மணியில் 0.6 மில்லிகிராமும் காணப்பட்டன எனக் கொள்க. தொடக்கத்தில் வேறுபாடு சிறிது. நேரம் செல்லச் செல்ல அது பெருகுகின்றது. இங்கு உள்ளே சென்ற அளவு சரியானதே; வெளியேறும் வேகமே மிகுதி. இவருடைய அரைவாழ்வுக் காலம் 2 மணி நேரமன்று. ஒன்றரை மணி நேரம்.

இவ்விருவரிடமும் ஆறாம் மணியில் கண்ட அளவு ஒன்றே என்பதை மாணவர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஆறாம் மணியில் மட்டும் குருதி எடுத்திருந்தால், இருவரும் ஒரே குறையுடையவர் என்று தோன்றியிருக்கும். ஒருவருக்கு மருந்து சரியாக உட்சேரவில்லை. மற்றவருக்கு அது விரைந்து அழிகின்றது. இரண்டுக்கும் மாற்று வேறு வேறு. ஒரே ஒரு நோக்கலைக் கொண்டு முடிவு கூறுதல் பிழை என்பது இதனால் விளங்கும்.

இனி, தொடக்கத்தில் குறைவாகவும் பின்னர் எதிர்பார்த்ததைவிட மிகுதியாகவும் மருந்து காணப்படின், அது தாமதமாக உட்சேர்ந்தது என்று உணரலாம். வயிறு நிறைய உண்டபின் மாத்திரை விழுங்கியவரிடம் இது நிகழக்கூடும். எந்த மணியிலும் மருந்தே காணப்படவில்லையாயின், மாத்திரையை விழுங்கினாரா என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

சென்னையில் நிகழ்ந்த ஆய்வு

இத்தகைய ஆராய்ச்சிக்குச் சிறந்த சான்றாக விளங்குவது காசநோய் பற்றிச் சென்னையில் நிகழ்ந்த ஆய்வாகும். 1956ஆம் ஆண்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் சென்னையில் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இம்முயற்சியில் கைகோத்தன. தொடக்க ஆண்டுகளில் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதற்குத் தலைமை தாங்கினார். சேத்துப்பட்டில் உள்ள அந்நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்குகின்றது.

காசநோயாளர் மருத்துவமனையிலேயே தங்கி, நல்லுணவும் ஓய்வும் பெற்றாலன்றிக் குணமடையார் என்பது அக்காலத்து நம்பிக்கை. படுக்கைகளோ மிகச் சில, நோயாளர்களோ எண்ணிறந்தோர். 193 நோயாளர்களை ஆய்ந்து 1959இல் வெளியிடப்பட்ட சென்னை ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களும் மருத்துவமனையில் தங்கியவர்களைப் போன்றே நலம்பெற்றனர் என்று காட்டிற்று. உலகின் பல நாடுகள் தம் மருத்துவ முறையை மாற்றிக்கொள்ள அது வழிவகுத்தது.

வீட்டில் மருந்துண்போர் தவறாமல் உண்கின்றனரா என்பது அடுத்த வினாவாயிற்று. ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். மருந்து பயனளிக்கவில்லை என்று கூறுமுன், மருந்து உண்ணப்பட்டதா என்பதை உறுதி செய்துகொண்டனர்.

நாள்தோறும் மருந்துண்ணல் பலருக்கு அரிதாக இருந்தமையால், மருத்துவ நிலையத்திற்கு வரச் செய்து, பணியாளர் கண்முன்னே உண்பிக்கும் முறை ஆராயப்பட்டது. தொலைவிலுள்ள சிற்றூரினர் நாள்தோறும் வருதல் இயலாது. ஆனால் வாரம் ஒருமுறை சந்தைக்கு வரும் உழவர், அன்றே மருந்தும் உண்டு செல்லுதல் கூடும். காரிமங்கலம் போன்ற ஊர்களைச் சூழ்ந்து வாழும் மக்களுக்கு இத்தகைய முறை எத்துணை எளிதாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

முதலில், வாரம் இருமுறை ஐசோனியசிட் என்னும் மருந்தை மிகுந்த அளவில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோடு அளித்தனர். 1964இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, அம்முறை சிறந்த பயனளித்தது. பின்னர் வாரம் ஒருமுறை மட்டும் அளித்துப் பார்த்தனர். அங்கேதான் வேறுபாடு தலைகாட்டிற்று. எடைக்கேற்ப ஒரே விகிதத்தில், பணியாளர் கண்முன்னே மருந்துண்டவர்களுள் ஒரு சாரார் நன்கு குணமடைந்தனர். மற்றொரு சாராரிடம் பயன் மிகவும் குறைந்தது. மருந்தும் ஒன்று, நோயும் ஒன்று, முறையும் ஒன்று. விளைவு மட்டும் இரண்டாயிற்று.

இரு வகை மனிதர்

இதற்கான விடை கல்லீரலில் இருந்தது. ஐசோனியசிட்டோடு அசிட்டைல் என்னும் சிறு வேதிக்கூற்றை இணைத்து, அதன் ஆற்றலைப் போக்கும் நொதி ஒன்று அங்கு உள்ளது. சிலரிடம் அந்நொதி விரைந்து செயல்படுகின்றது. சிலரிடம் மெல்லச் செயல்படுகின்றது. மெல்ல அழிப்போரிடம் மருந்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 3 மணி நேரம். விரைந்து அழிப்போரிடம் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். இப்பண்பு பெற்றோரிடமிருந்து மரபாக வருகின்றது. பிரைஸ் எவன்ஸ், மான்லி, மக்கூசிக் என்னும் மூவர் குடும்பம் குடும்பமாக மக்களைச் சோதித்து, 1960இல் இதனை நிறுவினர். மருந்துண்ட ஆறு மணி நேரத்திற்குப் பின் குருதியிலிருந்த அளவுகளை அவர்கள் வரைபடமாக்கினர். அதில் ஒரு மேடு தோன்றவில்லை. இரண்டு மேடுகள் தோன்றின.

சென்னை நிலையத்தார் தென்னிந்திய நோயாளர்களைச் சோதித்து, அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபதின்மர் மெல்ல அழிப்போர் என்று 1961இல் வெளியிட்டனர். ஜப்பானியருள் இவ்வகையினர் நூற்றுக்குப் பதின்மர் அளவினரே. எனவே ஒரு நாட்டில் வகுத்த அளவை மற்றொரு நாட்டிற்கு ஆராயாமல் கொண்டுசெல்லுதல் தகாது.

முன்னர்க் கூறிய எடுத்துக்காட்டிற்கு மீண்டும் வருக. மெல்ல அழிப்பவரிடம் ஆறாம் மணியில் 2.5 மில்லிகிராம் எஞ்சும். விரைந்து அழிப்பவரிடம் ஏறத்தாழ 0.6 மில்லிகிராமே எஞ்சும். பத்துப் பேருள் அறுவர் முதல் வகையினர், நால்வர் இரண்டாம் வகையினர் எனின், பத்துப் பேரின் சராசரி ஏறத்தாழ 1.75 மில்லிகிராம் ஆகும். ஓர் ஆய்வாளர் தம் கணித மாதிரியை மாற்றி, அதுவும் 1.75 என்றே கூறுமாறு செய்துவிடலாம். அப்போது கணக்கும் சராசரியும் அழகாகப் பொருந்தும். ஆனால் அப்பத்துப் பேருள் ஒருவரிடமேனும் 1.75 மில்லிகிராம் இல்லை! இல்லாத ஒரு மனிதருக்காக வகுத்த கணக்கு, இருக்கும் பத்துப் பேருக்கும் பொருந்தாமற் போகின்றது. சராசரியோடு பொருந்திவிட்டது என்று மன நிறைவு கொள்ளாமல், ஒவ்வொருவர் குருதியையும் கணக்கோடு தனித்தனியே ஒப்பிட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

விரைந்து அழிப்போருக்கு வாரம் ஒருமுறை அளிக்கும் மருந்து போதவில்லை. மெல்ல அழிப்போருக்கோ வேறொரு துன்பம் நேர்ந்தது. மிகுந்த அளவில் ஐசோனியசிட் உண்டபோது அவர்களுட் சிலருக்குக் கை கால் நரம்புகள் நலிந்து, எரிச்சலும் மரமரப்பும் தோன்றின. பைரிடாக்சின் எனப்படும் வைட்டமின் பி-6ஐ நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் சேர்த்து அளித்தால் இத்துன்பத்தைத் தடுக்கலாம் என்பதையும் சென்னை நிலையத்தாரே கண்டு, 1963இல் வெளியிட்டனர்.

மற்றொரு பாடத்தையும் அந்நிலையம் உலகிற்கு அளித்தது. நாள் முழுவதும் குருதியில் மருந்து நிலைத்திருந்தால்தான் பயன் மிகும் என்று பலர் கருதினர். அவ்வாறாயின் ஒரு நாள் அளவை இரண்டாகப் பிரித்து உண்பதே சிறந்ததாதல் வேண்டும். ஆனால் 1960இல் வெளிவந்த சென்னை ஆய்வில், ஐசோனியசிட்டை ஒரே வேளையில் உண்டவர்களே மிகுதியாக நலம்பெற்றனர். மருந்து குருதியில் நிற்கும் கால அளவு மட்டுமன்றி, அது எட்டும் உச்ச அளவும் நோய்க்கிருமியை வெல்லத் துணை செய்கின்றது என்பது இதனால் விளங்கிற்று. குருதியின் அளவைக் கணக்கு சரியாகக் கூறினும், அந்த அளவால் விளையும் பயனைத் தனியே கண்டறிய வேண்டியுள்ளது.

காலமும் வயதும்

உடல் என்னும் தொட்டி கல்லால் ஆனதன்று. அது மாறிக்கொண்டே இருப்பது. ரிபாம்பிசின் என்னும் காசநோய் மருந்து இதற்குச் சான்று. முதல் நாள் அதன் அளவை அறிந்து, அதனைக் கொண்டே பதினைந்தாம் நாளின் அளவைக் கணக்கிட்டால், குருதியில் காண்பது அதனினும் குறைவாக இருக்கும். ஏனெனில், அம்மருந்து தன்னை வெளியேற்றும் நொதிகளைத் தானே தூண்டிப் பெருக்குகின்றது. முதல் நாள் சரியாக இருந்து, நாள் செல்லச் செல்ல விலகும் கணக்கு, உடலில் ஏதோ மாறிவருகின்றது என்பதற்கு அறிகுறியாகும்.

குழந்தைகளிடமும் கணக்கு தவறியது. பெரியவருக்கு ஒரு கிலோகிராம் எடைக்கு இவ்வளவு எனின், குழந்தைக்கும் அவ்வாறே என்று நெடுங்காலம் எண்ணினர். ஆனால் குழந்தைகளின் உடல், எடையை நோக்க, மருந்தை விரைந்து வெளியேற்றும் இயல்புடையது. அவர்கள் குருதியில் மருந்து குறைவாகவே காணப்பட்டது. ஆதலால் உலக நலவாழ்வு நிறுவனம் 2010இல் குழந்தைகளுக்குரிய அளவை உயர்த்திற்று. ஐசோனியசிட் கிலோகிராமுக்கு 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆகவும், ரிபாம்பிசின் 10இலிருந்து 15 ஆகவும் உயர்ந்தன. குழந்தை சிறிய மனிதர் அல்லர். வேறு வகை மனிதர் என்பதை வேறுபாடே கற்பித்தது.

இந்நாளில் நாள்தோறும் பல மருந்துகளைச் சேர்த்து உண்ணும் முறை நிலவுகின்றது. 2017 முதல் இந்திய நாடெங்கும், நோயாளரின் எடைக்கேற்ப வகுத்த கூட்டு மாத்திரைகள் நாள்தோறும் அளிக்கப்படுகின்றன. இம்முறையில் விரைந்து அழிப்போர், மெல்ல அழிப்போர் என்னும் வேறுபாடு குணமடைதலைப் பெரிதும் பாதிப்பதில்லை. வாரம் ஒருமுறை என்னும் முறை கைவிடப்பட்டதாயினும், அது தோற்ற இடத்தில் கிடைத்த அறிவு கைவிடப்படவில்லை.

வேறுபாடு தரும் அறிவு

நோயுற்றவரின் நிலை, நோயின் நிலை, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தே மருத்துவர் செயல்பட வேண்டும் என்று திருவள்ளுவர் அறிவுறுத்தினார். மருந்தியக்கவியல் செய்வதும் அதுவே. அது நோயுற்றவரின் இயல்பை எண்ணால் அளக்கின்றது. காலத்தை மணியால் அளக்கின்றது.

கணக்கும் காட்சியும் முரண்படும்போது இருவகைப் பிழைகள் நேர்தல் கூடும். கணக்கின்மீது கொண்ட பற்றால், பொருந்தாத அளவைப் பிழையென ஒதுக்கிவிடுதல் ஒன்று. கணக்கு பொய்த்தது எனச் சினந்து, அதனை அறவே துறத்தல் மற்றொன்று. முன்னது உண்மையை மறைக்கும். பின்னது உண்மையைக் காணும் கருவியை இழக்கச் செய்யும். எதிர்பார்ப்பு ஒன்று இருந்தாலன்றோ, அது தவறியதை அறிய இயலும்?

மருந்து பயனளிக்காத நோயாளரைப் பார்த்து, ‘இவர் மருந்தை ஒழுங்காக உண்டிலர்’ என்று பழிசுமத்துதல் எளிது. சென்னை ஆய்வாளர் அவ்வாறு செய்து அமையவில்லை. அவர் உண்டதைக் கண்ணாற் கண்டனர், குருதியை அளந்தனர், குறை அவரிடம் இல்லை, அனைவரும் ஒரே தன்மையர் எனக் கொண்ட கணக்கிலேயே உள்ளது என்று தெளிந்தனர். பொருந்தாத ஓர் எண்ணின் பின்னே பொருந்தாத ஒரு மனிதர் நிற்கின்றார். அவ்வெண்ணை அழித்துவிட்டால் அவரும் மறைந்துவிடுவார். அதனை நின்று ஆராய்ந்தால், அவர் பிழைப்பதோடு, அவரைப் போன்ற ஆயிரவரும் பிழைப்பர்.

பயிற்சி

1. மருந்தின் அரைவாழ்வுக் காலம் என்பது யாது? ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.
2. ஆறாம் மணியில் மட்டும் குருதியைச் சோதித்தால் நேரக்கூடிய தவறு யாது?
3. வாரம் ஒருமுறை மருந்தளித்தபோது இருவகை விளைவுகள் தோன்றியமைக்குக் காரணம் என்ன?
4. ‘இல்லாத ஒரு மனிதருக்காக வகுத்த கணக்கு’ என்னும் தொடரின் பொருளைக் கட்டுரையைக் கொண்டு விளக்குக.
5. ஒரு மருந்தின் அரைவாழ்வுக் காலம் 3 மணி நேரம். தொடக்கத்தில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் இருந்தது. ஒன்பதாம் மணியில் எவ்வளவு எஞ்சும்? அப்போது அரை மில்லிகிராமே காணப்பட்டால், எவற்றையெல்லாம் ஆராய்வீர்? வரிசைப்படுத்தி எழுதுக.